வாசலில் ஒரு தண்ணீர்த்தொட்டி

நீதிபதி அறவாழி எந்த வழக்கிலும் முதலில் கூண்டில் நிற்பவரின் பாதங்களைத்தான் பார்ப்பார். அந்த நாட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. கிழக்குக் கரையில் செம்மண், மேற்குக் கரையில் கரிசல். அவர் கிழக்குக் கரைக்காரர். கரிசல் ஒட்டிய பாதங்களைக் கண்டதும் அவருடைய பேனா தீர்ப்பை எழுதத் தொடங்கிவிடும்.

அண்டை நாடுகளின் ஒன்றியத்தில் சேர்வதற்கு அந்த நாடு விண்ணப்பித்தபோது, முதலில் நீதிமன்றத்தைச் சீர்திருத்துங்கள் என்று பதில் வந்தது. சீர்திருத்தக் குழுவினர் சட்டங்கள் பலவற்றை மாற்றினார்கள். கூடவே வாசலில் ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டி, கால் கழுவாமல் எவரும் நுழையக் கூடாது என்றார்கள்.

முதல் நாளே மாரப்பன் என்ற உழவர் வந்து நின்றார். மதகை உடைத்ததாக ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அந்தப் பழி நீங்க மறுவிசாரணை கேட்டிருந்தார். ஈரப் பாதங்களைப் பார்த்த அறவாழி தடுமாறினார்.

"நீ எந்தக் கரை?"

"இப்பத்தான் கழுவிட்டு வந்தேன், ஐயா. போன தடவ கேக்காமலே தெரிஞ்சுதே."

யாரோ சிரித்தார்கள். அறவாழி பழைய கோப்பைப் பிரித்தார். தீர்ப்பு அவருடைய கையெழுத்தில் இருந்தது. மாரப்பனின் வாக்குமூலத்துக்கான தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. அறவாழி தலை குனிந்தார். பின்வாசல் வழியே வந்த அவருடைய பாதங்களில் செம்மண் அப்பியிருந்தது.

எழுந்து வாசலுக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, கூண்டருகே வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் உங்களப் பேசவே விடல. தப்பு என்னோடது. இப்பச் சொல்லுங்க."

மாரப்பன் சொல்லச் சொல்ல, அந்த வெற்றுத்தாளில் அறவாழி நின்றபடியே எழுதினார்.