ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

"ஒரே வீட்டுல ரத்தம் எடுக்க ரெண்டு பேர் வந்து நிக்கிறோம். இனி கொசுவுக்கு இங்க வேலையே இல்ல" என்றார் ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி, குப்பிகளைப் பெட்டிக்குள் வைத்து முத்திரை போட்டபடியே.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மாதா மாதம் வருவது அந்த வீட்டு அம்மாவுக்காக. கிட்னி பாதிக்கு மேல் கெட்டுப்போனதில் அம்மாவின் உடம்பில் ரத்தம் ஊறுவது குறைந்திருந்தது. அதிகாரி விடிந்ததும் விடியாததுமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது மகனுக்காக. அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம். அதில் ஜெயித்தால் நாட்டு அணியில் இடம்.

"தம்பிகிட்ட எதாவது சிக்குச்சா?" என்று கேட்டுவிட்டாள் நர்ஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மருந்த மட்டும் தேடின காலம் போச்சும்மா. இப்ப வருஷக்கணக்கா ரத்தத்தையே கவனிக்கிறோம். சிவப்பணு கூடினா மூச்சு வாங்காம ஓடலாம்ல? திடீர்னு கூடுச்சுன்னா ரத்தமே காட்டிக் குடுத்துடும்." அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "ரொம்ப அளவு பாத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிறவன் நழுவிடவும் செய்வான். அது வேற கதை. இந்தப் பையன் ரத்தம் அவன் எல்லையத் தாண்டினதே இல்ல. தங்கமான பிள்ளை."

தங்கம்தான், அதில் நர்ஸுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போனால் அவன் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் வீங்கிய பாதங்களை மடியில் வைத்து மெல்ல நீவிக்கொண்டிருந்தான். அவள் வீட்டிலும் பிள்ளை என்று ஒரு துரை இருக்கிறான். குடிக்கிற தண்ணீர் கூட அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அம்மாவின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்துச் சின்ன மிஷினில் வைத்தாள். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழு காட்டியது. நர்ஸின் முகம் மாறியது.

"போன மாசத்தவிட இறங்கியிருக்கே. ரத்தம் ஊறுற ஊசிய ஒழுங்காப் போடுறீங்களா தம்பி?"

"வாரம் ரெண்டு தடவை சிஸ்டர். ஒண்ணு கூட விடல" என்றான் அவன், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் கை பட்டா வலியே தெரியாது" என்றாள் அம்மா.

நர்ஸ் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். சூடு பட்டால் அந்த மருந்து வீணாகிவிடும். ஆனால் குப்பிகள் ஜில்லென்று வரிசையாக நின்றன. காலியானவை தனியே ஒரு டப்பாவில் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியும் ரத்தம் ஊற மாட்டேன் என்றால் அவள்தான் என்ன செய்வாள்?

"உண்மையச் சொல்லுங்க. இரும்புச் சத்து மாத்திரைய முழுங்குறீங்களா, இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். வாய் கசக்குதுன்னு ஜன்னல் வழியா வீசிடுவேன். தப்பெல்லாம் என் மேலதான்."

மகன் சட்டென்று நிமிர்ந்தான். "அம்மா, நீ எதுக்கு..."

"நீ சும்மா இருடா."

நர்ஸுக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை இப்படித் தாங்குகிறான், இந்த அம்மாவுக்கு அந்த அருமை தெரியவில்லையே. "இதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். ஆஸ்பத்திரியில சேத்து வேற ஒருத்தர் ரத்தத்த ஏத்துவாங்க. அது நல்லதில்லம்மா. நாளைக்கு மாத்துக் கிட்னி கிடைச்சாலும் உங்க உடம்பு அத ஏத்துக்காமப் போயிடலாம்."

மகனின் கைகள் நின்றுவிட்டன. "நான் ஞாயித்துக்கிழமை ஓடல சிஸ்டர்" என்றான். குரல் உடைந்திருந்தது.

"ஓடாம வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று அவனை அதட்டிய அம்மா, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க சிஸ்டர். அதுக்கப்புறம் தானா ஏறிடும்."

"உங்க ரத்தம் காலண்டர் பாத்தா ஊறும்?"

"ஊறும், பாருங்களேன்" என்றாள் அம்மா. அந்த வெளுத்த முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது.

நர்ஸின் மனசு இளகிவிட்டது. ஓடப்போகிற பிள்ளையின் மனசு கலங்கிவிடக் கூடாது என்று இவள் தவிக்கிறாள், அவ்வளவுதானே. தாயாகப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்? திங்கட்கிழமை காலையில் வருவதாகவும், அதற்குள் மூச்சு முட்டினால் உடனே போன் செய்ய வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். மகன் அம்மாவின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினான்.

வாசலுக்கு வந்து குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள். உள்ளே அம்மாவின் குரல், தொட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டது.

"அழாதடா கண்ணா. இத்தன நாளா மருந்த நீ போட்டுக்கிட்டு எனக்கு வெறும் தண்ணிய ஏத்தின. ஓட்டம் முடிஞ்சதும் மருந்த எனக்கே போட்டுடு, என்ன?"