விரலை எடுக்காமல்

என் மச்சினனுக்குச் சோறு தின்னும்போதும் கையில் அந்த விளையாட்டுப் பெட்டிதான். திரையில் வைத்த விரலை எடுக்கக் கூடாதாம். போன கட்டத்துக்குத் திரும்பாமல் எல்லாக் கட்டத்திலும் கோடு இழுத்துவிட்டால் வெற்றியாம்.

கிடங்கின் கட்டம் போட்ட சிமெண்ட் தரைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க வந்திருந்தோம்.

"தரையில ஒரு கால்தடம்கூட விழாம முடிக்கிறவன்தான் அடுத்த வேலைக்கு மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

"மாமா, நீங்க அடிச்சா கோழி கிளறுன மாதிரி இருக்கும். இது மூளை வேலை, ஓரமா உக்காருங்க" என்று பெயிண்ட் உருளையைப் பிடுங்கிக்கொண்டான் மச்சினன்.

என் இடுப்புக்கு அது நல்லதாகப் போயிற்று. வாசற்படியில் உட்கார்ந்தேன். மேதை வேலை செய்யும்போது குறுக்கே பேசலாமா?

என் காலடியில் தொடங்கினான். விட்ட கட்டமில்லை, தொட்டதை மறுபடி தொடவில்லை. நெளிந்து நெளிந்து போய்க் கடைசிக் கட்டத்தையும் முடித்து, உருளையைத் தூக்கிக் காட்டினான்.

"ஜெயிச்சாச்சு மாமா!"

எதிர்மூலையில், பாதம் வைக்க மட்டும் விட்ட இடத்தில் நின்றான். கிடங்குக்கு இருப்பது ஒரே வாசல். நடுவில் முழுக்க ஈரம், நாளைக்குத்தான் காயும்.

"மாமா... எப்படி வெளிய வர்றது?"

"பெட்டியில ஜெயிச்சதும் என்ன பண்ணுவ?"

"விரலை எடுத்துடுவேன்."

"அப்ப ரெண்டு காலையும் எடு மாப்ள."