எண்ணிக்கை முப்பத்திரண்டு

எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். விளையாட்டு டீச்சர் வேலை என்றால் விசிலோடு முடிந்துவிடும் என்று நினைத்தவள் நான். காலையில் முப்பத்தொரு பிள்ளைகளையும் வகுப்புச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் வரிசை எண் எழுதி சென்டிமீட்டரில் உயரம் அளந்தேன். அதோடு விட்டார்களா? அலுவலகத்தில் சராசரி வேறு கேட்டார்கள்.

உயரங்களை எக்செல்லில் ஏற்றி உட்கார்ந்தேன். கணக்குப் போடும் கருவியைச் சேர்க்க, கம்ப்யூட்டர் டீச்சர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார்.

"ஆப்ஷன்ஸ் போங்க. அதுல ஆட்-இன்ஸ். டூல்பேக்னு இருக்கா? டிக் போடுங்க, அவ்வளவுதான்."

திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு பொத்தான் முளைத்தது. உயரங்களைத் தேர்ந்து அதை அமுக்கியதும் சிறு அட்டவணை வந்தது. எண்ணிக்கை 32. அதிகபட்ச உயரம் 231.

"ஒட்டகச்சிவிங்கியையும் சேர்த்து அளந்துட்டீங்களா டீச்சர்?" என்று சிரித்தார்.

பட்டியலை விரல் வைத்து எண்ணினோம். முப்பத்தொன்றுதான். அதில் பெரிய எண் 152. மறுபடி அமுக்கினோம். 32. 231. அவர் சிரிப்பு நின்றது.

வகுப்புக்கு ஓடினேன். சுவரில் என் தலையுயரத்துக்குள் முப்பத்தொரு கோடுகள். மேலே, நாற்காலி போடாமல் எனக்கு எட்டாத இடத்தில் இன்னொரு கோடு. பக்கத்தில் 32, என் கையெழுத்தில்.

சுவரைவிட்டு விலகி, மேசையருகே வந்து நின்றேன்.

"முப்பத்திரண்டாவதா யாரை அளந்தேன்?"

முப்பத்தொரு பிள்ளைகளும் அண்ணாந்து, என் தலைக்கு இரண்டரை அடி மேலே பார்த்தார்கள்.