ஒழிந்துபோன பழக்கங்கள்

“இது அந்தச் சின்னையன் வேலைதான்! சந்தேகமே இல்ல!”

தேவநாதன் போட்ட சத்தத்தில், வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

மறுநாள் திறப்பு விழா. கடலூரிலிருந்து கலெக்டர் வருகிறார். சிதம்பரத்தில் பாழடைந்து கிடந்த பழைய சத்திரம் ஒன்றைப் பழுதுபார்த்து, சுற்றுவட்டாரத்துப் பழைய பொருள்களை வைத்து ஒரு சின்ன அருங்காட்சியகம் ஆக்கியிருந்தது ஊர்க் கமிட்டி. யோசனை சொல்லி, எல்லாவற்றையும் முறைப்படி அமைத்துத் தரச் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டவர் தேவநாதன்.

நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டி இப்போது காலி. ‘சுதந்திரத்துக்கு முன் இருந்து, ஒழிந்துபோன பழக்கங்கள்’ என்று எழுதிய அட்டை மட்டும் உள்ளே கிடந்தது.

காணாமல் போனது ஆள் உயர மூங்கில் குழாய் ஒன்று. வயலில் வேலை செய்யும் சேரி ஆட்கள் தாகம் என்று வந்தால், அவர்களைக் கிட்டே சேர்க்காமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதன் வழியாகத் தண்ணீர் ஊற்றுவார்களாம். அவர்கள் அந்தப் பக்கம் குனிந்து, கையேந்திக் குடிக்க வேண்டும்.

“எத்தன மியூசியத்துக்கு வேலை பார்த்திருக்கேன்! எங்கயும் இப்படி ஒண்ணு கிடைக்கல பாய்!”

கமிட்டிச் செயலாளர் இரும்புக்கடை ஹபிபுல்லா தயங்கினார். “சின்னையன்தான்னு எப்படி சார் சொல்றீங்க?”

“நேத்து நீங்க இல்ல. அவன் பேசினதக் கேட்டிருக்கணும்!”

பொருளை வெறுமனே வைத்தால் போதாது, அந்தக் கால வாழ்க்கையை ஆட்களைக் கொண்டே நடத்திக் காட்ட வேண்டும் என்பது தேவநாதனின் ஏற்பாடு. செக்காட்ட ஒருவர். ராட்டை சுற்ற ஓர் அம்மாள். குழாயில் தண்ணீர் குடித்துக் காட்டச் சின்னையன். கமிட்டித் தலைவர் சடையப்பன், கீரப்பாளையத்தில் இருக்கும் தன் பண்ணையிலிருந்து அவனை அனுப்பியிருந்தார். குழாயை நன்கொடையாகக் கொடுத்தவரும் அவர்தான்.

நேற்று குழாயைப் பார்த்ததுமே சின்னையனின் முகம் கறுத்துப்போனது.

“நா மாட்டேங்க.”

“ஏன்யா? பழைய காலத்துக் கதைதானே? சும்மா குனிஞ்சு குடிக்கற மாதிரி நடி, போதும்.”

“எனக்கு நடிக்க வராதுங்க.”

“வராதா, இஷ்டமில்லையா?”

“இதப் போயி கண்ணாடிக்குள்ள வெச்சி அழகு பாக்கறீங்களே! ஒடச்சி அடுப்புல வெச்சாத்தான் எங்க ஜனத்துக்கு மனசு ஆறும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

“இப்ப புரியுதா பாய்? போலீஸ்ல சொல்லிடலாம்!”

அந்த நேரம் சடையப்பனே வந்து சேர்ந்தார். காலிப் பெட்டியைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கோபமே வரவில்லை அவருக்கு.

“போலீஸெல்லாம் வேணாம் சார். ஏழை ஜனம். என்னமோ ஆத்திரத்துல பண்ணிட்டான். நா மன்னிச்சிட்டேன். பெட்டியில வேற ஏதாச்சும் வெச்சிருங்க.”

“உங்க தாத்தா காலத்துப் பொருளாச்சே!”

“இருக்கட்டுமே. பொருளுக்காக ஒரு மனுஷன ஜெயிலுக்கு அனுப்பறதா?”

கலெக்டரை நேரில் அழைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கடலூருக்குக் கிளம்பிப் போனார்.

ஹபிபுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தங்கமான மனுஷன் சார்.”

“அவர் மன்னிக்கலாம். நான் மன்னிக்கறதா இல்ல. ஜீப்ப எடுங்க.”

வழியெல்லாம் தேவநாதன் பொருமிக்கொண்டே வந்தார்.

“இவங்க பட்ட அவமானத்த நாலு பேருக்குக் காட்டணும்னுதானே நான் கெடந்து அல்லாடறேன்? நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘இந்த ஊர்ல அப்படியெல்லாம் நடக்கவே இல்ல’ன்னு சொன்னா எதக் காட்டறது? அவனுக்காகத்தான் பாய் இத்தனையும். அவனே இப்படிப் பண்ணினா வயிறு எரியுமா எரியாதா?”

“ஒடச்சிருப்பானோ சார்?”

“ஒடச்சிருந்தா இன்னிக்கு அவன சும்மா விடமாட்டேன்.”

சடையப்பன் பண்ணையில் நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்த தேவநாதன் சட்டென்று நின்றார்.

வேலியோரம் சின்னையன் குனிந்து நின்றான். ஏந்திய கையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு மேலே நீண்டிருந்த அதே மூங்கில் குழாயிலிருந்து.

தேவநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. சேற்றில் இறங்கி ஓடி, அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

“திருட்டுப் பயலே! அங்க தொடமாட்டேன்னு வீறாப்பு பேசிட்டு, இங்க கொண்டாந்து அதுலயே தண்ணி குடிக்கறியா?”

முகவாயில் வழிந்த தண்ணீரைச் சின்னையன் துடைக்கக்கூட இல்லை. அவரையே ஒரு பார்வை பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

அங்கே, குழாயின் மறுமுனையில் குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றாள் சடையப்பன் மனைவி அமிர்தம்.

“யாருங்க நீங்க? எங்க ஆளப் போட்டு ஏன் இழுக்கறீங்க? திருட்டா? நல்லா இருக்குதே! இது எங்க வூட்டுக் கொழாங்க. நேத்து சாயங்காலம் அவுங்கதான் வண்டியில போட்டு எடுத்தாந்தாங்க. நடவுக்கு ஆளுங்க ஜாஸ்தி வந்திருக்காங்க, கொழா இல்லாம எப்படிங்க தண்ணி ஊத்தறது?”