மூணாறில் தாளிப்பு கிடையாது

மங்கலம் குடும்பத்தோடு மூணாறு போன இரண்டாவது நாள் மத்தியானம், கடலூரில் அவள் வீட்டு வாசல் பூட்டை யாரோ திறந்தார்கள்.

சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவள் படுக்கையறையில்தான் இருந்தாள்.

கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் எழிலனுக்கும் அனுப்பிரியாவுக்கும் நடுவில் சிரித்தபடி நின்றிருந்தாள். கணவன் அன்பரசு குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து வியர்வை சொட்ட, செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். காலடியில் கரண்ட் அடுப்பில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. படத்தில் அது மூடுபனியாக விழும். பின்னால் ஜன்னலில் கட்டிய பச்சைப் போர்வை, தேயிலைத் தோட்டம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கட்டியதுதான் அவர்கள் செய்த தப்பு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் சொந்தபந்தம் முழுக்க அங்கேதான் வந்து இறங்கும். கடல் இலவசம், பாய் தலையணை இலவசம், மங்கலம் இலவசம். போன வருஷம் தோசை சுட்டுச் சுட்டே அவள் கால் வீங்கிப்போனது.

இந்த வருஷம் நாலு நாள் அவள் உட்கார வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வாசலில் பூட்டு, போகவரப் பின்வாசல். லாட்ஜ் வாடகை கிடையாது, பஸ் செலவு கிடையாது, தலையணைகூடச் சொந்தத் தலையணை. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. டிவி வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமாக, தாளிக்கக் கூடாது. பூட்டிய வீட்டைக் கடுகு காட்டிக் கொடுத்துவிடும்.

ஊறவைத்த அவலும் தயிரும்தான் மூணாறில் சாப்பாடு.

காட்டுமன்னார்கோயில் சித்தி வேன் பிடித்து வருவதாகப் போன் செய்தபோதும் மங்கலம் தைரியமாகச் சொல்லிவிட்டாள், நாங்கள் மூணாறு போகிறோம் என்று. அதற்கு மேல் சித்தியிடம் அவள் சொன்ன ஒரு வார்த்தை அன்பரசுக்குத் தெரியாது.

இப்போது கதவே திறந்துவிட்டது. பூட்டின் இன்னொரு சாவி மாடிப்படிக்கு அடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் கிடக்கும். அது வீட்டு மனுஷர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்பரசு இட்லிப் பானையை அவசரமாக மூடினான். எழிலன் கட்டிலுக்கு அடியில் போனான்.

திரையை விலக்கிக்கொண்டு நின்றவள் பவானி. அன்பரசின் அக்கா, சிதம்பரத்து அண்ணி. நேற்றுத்தான் குடும்ப வாட்ஸப்பில் 'ரொம்பக் குளிருதா மங்கலம்?' என்று கேட்டிருந்தாள். இப்போது அவள் கையில் ஒரு பெரிய பை, கக்கத்தில் தலையணை.

ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜன்னல் போர்வையைப் பார்த்தாள்.

"அக்கா, அது வந்து..." என்று குல்லாயைக் கழற்றினான் அன்பரசு.

பவானி வாயில் விரல் வைத்தாள். அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அத்தை. நாங்களா? ஏற்காட்டுல இருக்கோம். ஐயோ, குளிரு ஜாஸ்தி அத்தை, வெரலெல்லாம் வெறைச்சுப் போவுது" என்றாள், முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

போனிலிருந்து வழிந்த குரலை மங்கலம் அடையாளம் கண்டுகொண்டாள். சித்தி.

"உன் வூட்டு வாசல்ல நின்னு பாத்துட்டுத்தாம்மா வர்றோம். அவளும் இல்ல, நீயும் இல்ல. மங்கலம் வூடு சும்மாதான கெடக்கு, அங்கியே போயிடறோம். வேன் பீச் ரோட்டுல திரும்பிடுச்சு."

பவானி போனை வைத்தாள்.

"என் வூட்டுக்கு வேனைத் திருப்பி வுட்டது யாருடி?"

மங்கலம் இட்லிப் பானையையே பார்த்தாள். 'சிதம்பரம் கீழவீதியில எங்க அண்ணி வீடு இருக்கு சித்தி, கண்ணு முழிச்சா கோபுரம்' என்பதுதான் அந்த ஒரு வார்த்தை.

சண்டை போட நேரமில்லை. பவானி வெளியே போய் வாசலைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலில் வந்தாள். வீடு மறுபடியும் மூணாறு போய்விட்டது.

வேன் வந்து நின்றது. பெயிண்ட் டப்பா உருளும் சத்தம் கேட்டது. சித்திக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு பூட்டை யாரோ இழுத்து ஆட்டினார்கள். வேனுக்குள் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. உள்ளே எல்லோரும் கூடத்துத் தரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே ஒரு போன் அடித்தது. சித்தி கதவில் சாய்ந்துகொண்டு பேசினாள். அவ்வளவு சோர்ந்த குரலில் சித்தி பேசி மங்கலம் கேட்டதில்லை.

"சொல்லுங்க சம்பந்தி. எங்க வூட்டு வாசல்லியா நிக்கிறீங்க? எல்லாருமா வந்திருக்கீங்க? அடடா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க இப்ப கொடைக்கானல்ல இல்ல இருக்கோம்..."

மங்கலம் பவானியைப் பார்த்தாள். பவானி கதவைப் பார்த்தாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

மங்கலம் எழுந்தாள். நாலு நாள், இரண்டாவது நாளிலேயே முடிந்தது. கால் தானாக அடுப்படிப் பக்கம் திரும்பியது.

பவானி அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"மூணாறுல உனக்கு என்னடி வேலை? குந்து."

தம்பிக்குக் கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டு அடுப்படியில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத பவானி, முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். இருப்பதிலேயே பெரிய வாணலியைத் தேடி எடுத்து அடுப்பில் வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள்.

கடுகு வெடித்தது.

வெளியே சித்தி பேச்சை நிறுத்தினாள்.