ஆறு லாரிக்காரரின் ரேட்

இருபது வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவர், கடையை விற்றுவிட்டு ஒரு பழைய லாரி வாங்கினார். வாங்கி இரண்டு வாரம் ஆகியும் வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. சரக்கு அனுப்புகிறவர்கள் வரத்தான் செய்தார்கள். "வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்கள். அவர் கூட்டிக் கழித்துத் திருதிருவென்று விழிப்பதற்குள் போய்விட்டார்கள்.

"இதுவும் படுத்துச்சுன்னா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை அவள்.

கணக்குப் போட்டு ரேட் வைப்பது அவருக்கு வராத வித்தை. ஆனால் அசல் ஒன்று கிடைத்தால் நகல் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அசல் எங்கே இருக்கிறது என்று லாரியை வாங்கிக்கொடுத்த புரோக்கரே காதைக் கடித்திருந்தார். ஆறு லாரி வைத்திருப்பதால் ஊரே ஆறு லாரிக்காரர் என்று கூப்பிடுகிறவரின் ஆபீஸில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில்.

மனைவியின் தம்பி திட்டம் போட்டுக் கொடுத்தான். "நீங்க பாட்டுக்கு உள்ள போய் உட்காருங்க மாமா. பத்தாவது நிமிஷம் நான் போன் பண்ணி மனுஷனை வெளிய கிளப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, தன் லாரியிலேயே போய் இறங்கினார். ஷெட்டில் ஆறு லாரிகளும் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. ஏழாவது இடத்தில் ஒரு காலி டிரம். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் மகள் வந்து டிரம்மை ஓரமாக உருட்டிவிட்டாள். வண்டி அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

"வாங்க தம்பி, வண்டி ஜோரா இருக்கே!" என்றார் ஆறு லாரிக்காரர்.

"ஒரு அம்மா பேர்ல இருந்துச்சுண்ணே. அதிகம் ஓடலையாம், புரோக்கர் சொன்னார்."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு."

"தொழிலுக்குப் புதுசு. ரேட் எப்படிப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அதை மட்டும் கேக்காதீங்க தம்பி. தொழில் ரகசியம்" என்று மேஜைக் கண்ணாடி மீது ஒரு ஃபைலை இழுத்து வைத்தார்.

சொன்னபடி போன் வந்தது. "ஐயா, பைபாஸ்ல உங்க லாரி டயர் வெடிச்சு நடுரோட்ல நிக்குது!" என்று மச்சான் கத்தியது வெளியே வரை கேட்டது.

"ஐயையோ!" என்று ஆறு லாரிக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெராக்ஸ்காரர் ஃபைலை நகர்த்தினார். ஊர் ஊராக, டன் கணக்காக, மணி மணியான கையெழுத்தில் ரேட். எத்தனையோ பேருடைய பத்திரங்களை நகல் எடுத்தவர்தான் என்றாலும், திருடி எடுப்பது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. பிள்ளைகளை நினைத்துக்கொண்டு செல்போனை நீட்டினார்.

"வேற யாரோட லாரியோ தம்பி. ஆள் மாத்திப் போன் பண்ணிட்டான்" என்று ஆறு லாரிக்காரர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, ஃபைல் பழைய இடத்தில் இருந்தது.

கிளம்பும்போது வண்டியில் ஏறி மச்சானுக்குப் போன் போட்டார். "ரேட் கைக்கு வந்துடுச்சுடா! இதுல பத்து பர்சன்ட் குறைச்சுச் சொல்றோம். நாளையிலேர்ந்து சரக்கெல்லாம் நம்ம வண்டியிலதான்!"

பாவம், ஆறு லாரிக்காரர் கேட் வரை வந்து கையசைத்து வழியனுப்பினார்.

லாரி தெருமுனை திரும்பியதும் மகள் சொன்னாள். "ரெண்டு போட்டோ எடுத்தார்ப்பா. ஜன்னல் கண்ணாடியில பார்த்தேன். முதல்ல எடுத்தப்ப கை ஆடிடுச்சு போல."

"ஆறு வண்டியும் கண்ணெதிர்ல நிக்குது. பைபாஸ்ல டயர் வெடிச்சிருச்சுன்னு போன் பண்றான்! சிரிப்பை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"நிஜ ரேட்டையே வச்சிருக்கீங்களேப்பா, பயமா இல்லை?"

"எதுக்கும்மா பயம்? போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு, அப்படி ஓடற நமக்குத்தான் அந்த ரேட் கட்டும். புதுசா வந்தவருக்குத் திரும்பி வர்றப்ப யார் லோடு தரப் போறாங்க? காலியா வந்தா மட்டும் வண்டி டீசல் குடிக்காதா? அதுலயும் குறைச்சு வேற சொல்லுவார், பாரு."

மகள் டிரம்மை உருட்டி வந்து மறுபடியும் ஏழாவது இடத்தில் நிறுத்தினாள்.

"வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லிடு" என்றார் ஆறு லாரிக்காரர். "நம்ம புரோக்கர் நாலாவது தடவையா வித்துக்கொடுத்த அவ லாரி, எப்பவும் போல ஆறு மாசத்துல பாதி விலைக்குத் திரும்பி வந்துடும்னு."