மூன்றாவது டெமோ

சுரேந்தரை மூன்றாவது முறையாக டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் டெமோவுக்காக ஒரு மாமாவைச் சாகடித்து, தான் இயற்பியல் நடத்தும் தனியார் பள்ளியில் லீவு வாங்கியிருந்தான். இரண்டாவதற்கு ஒரு சித்தப்பா. இந்தச் சனிக்கிழமைக்கு யாரைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

“ஏனுங்க, வேலைக்கு எடுக்கறதுன்னா ஒருக்காப் பாத்தாப் பத்தாதுங்களா?” என்றாள் மனைவி தேவிப்பிரியா. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். “எங்ககிட்ட பனியன் வாங்கற பையரும் இப்படித்தானுங்க. சாம்பிள் மேல சாம்பிள் கேட்டுட்டே இருப்பான். ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும்.”

பனியனும் இயற்பியலும் ஒன்றல்ல என்று அவன் விளக்கினான். பாட்டு நன்றாக இருந்தால் ஒன்ஸ்மோர் கேட்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். அவன் முடிப்பதற்குள் அவள் கம்பெனி வேனுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு அவனைவிடச் சம்பளம் அதிகம். மாமனார் வீட்டில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லி வைத்திருந்தான். அந்த ஏறக்குறையவுக்குள் ஒரு மொபெட்டின் மாதத் தவணை அடங்கும்.

பள்ளிச் சம்பளங்களில் அவன் ஒரு நிபுணன். வெள்ளகோவிலில் என்ன தருகிறார்கள், எங்கே மே மாதச் சம்பளம் கிடையாது, எங்கே பிள்ளைகளோடு வேனில் போய்வரச் சொல்வார்கள், எங்கே அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அனுப்புவார்கள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வேலை தேடும் ஆசிரியர்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பயோடேட்டா அனுப்பினார்கள். தன் சம்பளத்தை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவன் இந்தப் பள்ளியை விடுவானா? அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில், அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. வேலை கிடைத்தால் அரசு சம்பளம். இப்போது வாங்குவதைப்போல மூன்று மடங்கு. ‘பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்த ஆள் தேவை, சனிக்கிழமை நேரில் வரவும்’ என்று வாட்ஸப் குழுவில் வந்தபோது, எப்படிப்பட்ட பள்ளி என்று இரண்டு பேர் அவனிடம் விசாரித்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

முதல் இரண்டு டெமோவும் பிரமாதமாகவே போயின. ஒவ்வொன்றின் முடிவிலும் தலைமையாசிரியை சென்னம்மாள், “இன்னொரு பாடம் எடுத்துக் காட்டறீங்களா சார்?” என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. தன்னை விட்டுவிடப் பயப்படுகிறார்கள் என்று அவன் கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை வந்தது. இன்றைக்குக் கதிர் ஒளியியல். கரும்பலகையில் ஒரு லென்ஸை வரைந்துவிட்டு, இதற்கு முந்தின பாடம் முடிந்ததா என்று பிள்ளைகளிடம் கேட்டான்.

“காங்கேயத்து மிஸ் முடிச்சுட்டாங்க சார்,” என்றாள் முன்பெஞ்சிலிருந்த பிரியங்கா. “அதுக்கு முந்தினது பல்லடத்து சாருங்க.”

தான் நடத்தாத பாடங்களை யார் யார் நடத்தினார்கள் என்று விசாரித்தான். சனிக்கிழமைக்கு ஒருவராக வந்திருக்கிறார்கள். பாதிப் புத்தகம் அப்படியே முடிந்திருந்தது.

“அவங்கள்ல யாரையாச்சும் வேலைக்கு எடுத்தாங்களா?”

“இல்லீங்க சார்.”

சுரேந்தர் சாக்பீஸை வைத்துவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனான்.

“போஸ்ட் இருக்குதுங்களா, இல்லீங்களா டீச்சர்?”

சென்னம்மாள் பேனாவை மூடி வைத்தார். போஸ்ட் இருக்கிறது, நிரப்பத்தான் அனுமதி வரவில்லை என்றார். பழைய இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்றதிலிருந்தே எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இந்த வருடமும் வருகிற மாதிரித் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது.

“கவர்மெண்ட் சம்பளம்னு சொன்னீங்களே?”

“என்ன சம்பளம்னு கேட்டீங்க. அந்தப் போஸ்டுக்கு என்னவோ அதைச் சொன்னேனுங்க சார்.”

அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த வேலையை நம்பித் தேவிப்பிரியாவிடம் என்னென்னவோ பேசிவிட்டான். ஆனாலும் ‘எனக்கு வேலை தருவீர்கள் என்று நினைத்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு ஆசிரியனுக்குப் பொருத்தமான காரணம் வேறு வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் குரல் தானாகவே கம்பீரமாகிவிட்டது.

“எனக்காகச் சொல்லலீங்க டீச்சர். நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன். மத்தவங்கள நெனச்சுப் பாருங்க. எங்கெங்கிருந்தோ லீவப் போட்டுட்டு, வேலை கெடைக்கும்னு நம்பி வந்து நடத்தீட்டுப் போயிருக்கறாங்க. அவங்ககிட்டயாச்சும் உண்மையச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

சென்னம்மாள் அவனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். சொல்வதற்கு அவருக்குத்தான் சங்கடமாக இருப்பது போலத் தெரிந்தது.

“அவங்க எல்லார்கிட்டயும் மொத நாளே சொல்லிட்டேனுங்க சார். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லைன்னு தெரிஞ்சேதான் வந்து நடத்தறாங்க. உங்ககிட்டயும் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க உக்காரும்போதே சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுட்டீங்க.”